87 சில்வியா: நுங்கம்பாக்கத்துல கெடச்ச புள்ளி, ஏற்காட்டுல தேடின ராத்திரிங்க

சேலத்துக்கும் சென்னை நுங்கம்பாக்கத்துக்கும் மேப்புல நேரா ஒரு கோடு போட்டீங்கன்னா சுமாரா 280 கிலோமீட்டர் வரும். கிட்டத்தட்ட அந்த அளவு சராசரி குறுக்களவு உள்ள ஒரு கல்லு செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சூரியனச் சுத்திட்டு இருக்கு. பேரு 87 சில்வியா. அத மொதமொதல்ல மனுஷன் கண்டுபிடிச்சது அந்தக் கோட்டோட இன்னொரு முனையில, அதே நுங்கம்பாக்கத்துல இருந்துதான். எனக்கு நாப்பது வயசு தாண்டுற வரைக்கும் இது தெரியாது. பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லல, தெரிஞ்ச நாள்ல இருந்து நான் பாக்கறவங்க கிட்டெல்லாம் சொல்லிட்டே இருக்கேன். இப்ப முழுசா எழுதி வச்சிடலாம்னு உக்காந்திருக்கேன், எப்படி கெடச்சது, என்னென்ன அளந்தாங்க, எந்த முடிவு பின்னாடி மாறுச்சு, நாங்க ஏற்காட்டுல இருந்து தேடுனப்ப எங்க சறுக்குனோம், எல்லாத்தையும்.

நான் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னதா ஒரு கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன். வானத்துக்கும் கொலுசுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, சம்பந்தம் இருக்கு, எங்க தொழில்ல ஒரு பொருள் கைக்கு வந்தா மொத கேள்வி எடை என்ன, அடுத்தது இந்த சைஸுக்கு இந்த எடை சரியா, சரியில்லன்னா உள்ள குடைவா இருக்கா இல்ல வேற உலோகம் கலந்திருக்கா. சில்வியா விஷயத்துல உலகத்துல பெரிய பெரிய விஞ்ஞானிங்க கேட்டதும் இதே கேள்விதான். அதனாலதான் இந்தக் கதை எனக்கு இவ்ளோ ஒட்டிக்கிச்சு.

1866 மே 16. தேதியப் பாருங்க, கத்திரி வெயில் நடுவுல. அந்தக் காலத்துல நுங்கம்பாக்கத்துல கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல இருந்தே ஒரு வானாய்வுக் கூடம் இருந்துச்சு, 1792ல கட்டுன கட்டடம். அங்க அரசு வானியலாளரா இருந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன், இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல 1829ல பொறந்தவர், 1861ல மெட்ராஸ் வந்தவர், கடைசி வரைக்கும் இங்கயே இருந்து 1891ல இங்கயே இறந்தவர். வந்த அதே வருஷம் ஏப்ரல்ல ஒரு சிறுகோள் கண்டுபிடிச்சார், ஆசியா கண்டத்துல இருந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோள் அது, பேரே ஆசியான்னு வச்சாங்க, நம்பர் 67. அடுத்து 1864 மே மாசம் 80 சாஃபோ. அதுக்கப்புறம்தான் சில்வியா. பின்னாடி 1868 நவம்பர்ல 107 கமிலா, 1885 பிப்ரவரில 245 வேரா. ஆக மெட்ராஸ்ல மட்டும் அஞ்சு. அஞ்சுல மூணு ஏப்ரல் மே மாசத்துல கெடச்சிருக்கு. பகல்ல கொளுத்துற அதே மாசத்துலதான் ராத்திரி மேகம் இல்லாம கெடைக்கும்னு மெட்ராஸ்ல இருந்தவங்களுக்கு புரிஞ்சிருக்கும்.

எப்படி கண்டுபிடிச்சாருங்கறதுதான் முக்கியம். அப்ப கேமரா வச்சு சிறுகோள் தேடுற பழக்கம் கெடையாது, அது ஜெர்மனில மாக்ஸ் வோல்ஃப் 1891 டிசம்பர்ல ஆரம்பிச்சது, போக்சன் இறந்த அதே வருஷக் கடைசில. அதுக்கு முன்னாடி எல்லாமே கண்ணும் கையும்தான். வானத்துல ஒரு சின்ன துண்ட எடுத்துக்கணும், அதுல மங்கலா தெரியுற ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தாள்ல குறிக்கணும், இன்னொரு ராத்திரி அதே துண்டப் பாத்து ஏதாவது புள்ளி புதுசா வந்திருக்கா, எதாவது எடம் மாறியிருக்கான்னு ஒவ்வொண்ணா ஒத்துப் பாக்கணும். நட்சத்திரம் நகராது, சிறுகோள் நகரும். அவ்ளோதான் சூத்திரம், ஆனா அதுக்குப் பின்னாடி எத்தன ராத்திரி, எத்தன கொசுக்கடி, எத்தன வேர்வை சொட்டுன தாளுன்னு நெனச்சுப் பாருங்க.

போக்சன் பேரு இதவிட பெரிய விஷயத்துக்கு நிலைச்சிருக்கு. நட்சத்திரங்களோட பிரகாசத்த மேக்னிட்யூட்னு நம்பர்ல சொல்றோம்ல, நம்பர் ஏற ஏற மங்கல், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு வித்தியாசம், அஞ்சு படிக்கு சரியா நூறு மடங்கு. அந்தக் கணக்க 1856ல சொன்னது இதே போக்சன். இன்னைக்கு உலகத்துல எந்த டெலஸ்கோப்பும் அந்த அளவுலதான் பேசுது.

இங்க இன்னொருத்தரச் சொல்லாம போகக்கூடாது. அதே கூடத்துல வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867ல ஆர் ரெட்டிகுலின்னு பிரகாசம் மாறுற ஒரு நட்சத்திரத்தக் கண்டுபிடிச்சவர், லண்டன் ராயல் வானியல் கழகத்துல சேர்ந்த முதல் இந்தியர். போக்சனோட பொண்ணு ஐசிஸும் 1870கள்ல அங்க உதவியாளரா இருந்தாங்க. போக்சன் இங்கிலாந்துல இருந்தப்ப கண்டுபிடிச்ச 42 ஐசிஸ்ங்கற சிறுகோள் அந்தப் பொண்ணு பேருதான். ஒரு ஆள் பேருல வரலாறு எழுதுறோம், ஆனா தாளப் பிடிச்சவங்க, நேரம் குறிச்சவங்க, கணக்குப் போட்டவங்கன்னு ஒரு கூட்டமே அந்தத் தூணச் சுத்தி நின்னிருக்கு. தூணுன்னு சொல்றது நெஜத் தூண். டெலஸ்கோப்ப தாங்குறதுக்கு அன்னைக்கு நட்ட கிரானைட் தூண் இன்னும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துக்குள்ள இருக்கு, அதுல தமிழ்லயும் தெலுங்குலயும் எழுத்து வெட்டியிருக்கு.

பேரு விஷயத்துல ஒரு குழப்பம் ரொம்ப நாள் ஓடிச்சு. பிரான்ஸ் வானியலாளர் கமில் ஃப்ளமாரியோன் பொண்டாட்டி பேரு சில்வி, அவங்களுக்காக வச்சதுன்னு எழுதிட்டே இருந்தாங்க. ஆனா போக்சன் வெளியிட்ட அறிவிப்புலயே ரோம் புராணத்து ரியா சில்வியான்னு தெளிவா இருக்கு, ரோமுலஸ் ரீமஸ்னு ரெட்டைப் பசங்களப் பெத்த அம்மா. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இப்ப எங்க கதை.

கொரோனா ஊரடங்குக்கு முந்தின தை மாசம். என் மச்சான் ஒரு ஸ்கூல்ல இயற்பியல் வாத்தியார், அவர்கிட்ட 8 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்குனது. சில்வியா அந்த சமயம் பூமிக்கு சூரியனோட எதிர்ப்பக்கம் வருதுன்னு அவர்தான் பாத்துச் சொன்னார். அப்படி வர்றப்பதான் ராத்திரி பூரா வானத்துல இருக்கும், பிரகாசமும் அதிகமா இருக்கும். அதிகம்னா 12 மேக்னிட்யூடுக்குப் பக்கம், வெறுங்கண்ணுக்குத் தெரியுற கடைசி நட்சத்திரத்தவிட நூறு மடங்குக்கு மேல மங்கல். சேலம் டவுனுக்குள்ள வாய்ப்பே இல்ல, அஞ்சு ரோட்டு லைட்டு வெளிச்சத்துல வானம் பால்டீ கலர்ல இருக்கும். அதனால ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம், எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணனோட காபி எஸ்டேட்ல களம் இருக்கு, காபிக்கொட்டை காய வைக்கிற சிமெண்ட் களம், டெலஸ்கோப் ஆடாம நிக்கும். தை அமாவாசைய ஒட்டி நாலு ராத்திரி, நான், மச்சான், ஒன்பதாவது படிச்சிட்டிருந்த என் பொண்ணு. இருபது கொண்டை ஊசி வளைவும் டெலஸ்கோப் குழாய மடியில வச்சுக்கிட்டே ஏறுனோம்.

மொத ராத்திரி மேப்ப பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தோம். ஒரு மணி நேரம் தேடி, மேப்புல சில்வியா இருக்கணும்னு சொன்ன எடத்துல ஒரு மங்கலான புள்ளியப் பாத்துட்டோம். எங்களுக்கு கை கால் நடுங்குது சந்தோஷத்துல. பொண்ணு நோட்டுல வட்டம் போட்டு, உள்ள இருந்த பதினோரு புள்ளியயும் வரைஞ்சா, நாங்க பாத்ததுக்கு மட்டும் சிவப்புல அம்புக்குறி. எஸ்டேட் அண்ணன எழுப்பிக் காட்டுனோம், அவரும் போர்வையோட வந்து பாத்துட்டு "ஏனுங்க, இதா நம்ம மெட்ராஸ்ல கண்டுபுடிச்சது?"ன்னு ரொம்ப நேரம் கண்ண எடுக்காம நின்னார்.

ரெண்டாவது ராத்திரி ஒம்போது மணிக்கே பனிமூட்டம் ஏறிடுச்சு. ஒண்ணும் இல்ல.

மூணாவது ராத்திரி போயி பாத்தா அந்த சிவப்பு அம்புப் புள்ளி அங்கயே அசையாம இருக்கு. ரெண்டு நாள்ல அது நிலாவோட அகலத்துல பாதிக்கு மேல தள்ளிப் போயிருக்கணும், ஒரு நாளைக்கு மூணுல ஒரு பங்கு கணக்கு. நகராம இருந்தா அது நட்சத்திரம். அப்ப நாங்க மொத நாள் கொண்டாடுனது ஏதோ ஒரு சாதாரண நட்சத்திரத்த. மச்சான் மூஞ்சி தொங்கிடுச்சு, நான் பேசவே இல்ல. பொண்ணுதான் நோட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தா, திடீர்னு சொன்னா, "மாமா, மேப்ப தலைகீழா பிடிச்சா நான் வரைஞ்சதோட ஒத்துப் போகுது."

அதான் காரணம். கண்ணாடி வச்ச இந்த மாதிரி டெலஸ்கோப்புல தெரியுற காட்சி முழுசா தலைகீழா திரும்பித்தான் வரும், மேல இருக்கறது கீழ, இடது வலது. மச்சானுக்கு அது நல்லாவே தெரியும், பசங்களுக்கு பாடம் எடுத்திருக்கார், ஆனா குளிர்லயும் ஆர்வத்துலயும் மேப்ப நேரா வச்சே பாத்துட்டோம். தலைகீழா வச்சுப் பாத்தா, மொத நாள் பொண்ணு வரைஞ்ச பதினோரு புள்ளில வட்டத்தோட எதிர்ப்பக்க ஓரத்துல இருந்த ஒண்ணு, அதுதான் சில்வியா இருக்க வேண்டிய எடம். இப்ப ஐபீஸ்ல பாத்தா அந்த எடம் காலி. கொஞ்சம் தள்ளி, மொத நாள் வெறுமையா இருந்த எடத்துல, புதுசா ஒரு புள்ளி.

நாங்க மொத நாளே அதப் பாத்திருக்கோம், வரைஞ்சும் வச்சிருக்கோம், என்னன்னு தெரியல அவ்ளோதான். தெரிஞ்சத மட்டும் குறிக்காம கண்ணுல பட்ட எல்லாத்தையும் அவ குறிச்சு வச்சதாலதான் தப்பையும் கண்டுபிடிக்க முடிஞ்சது, சரியையும் கண்டுபிடிக்க முடிஞ்சது. போக்சன் மெட்ராஸ்ல செஞ்சதும் இதான்னு அந்த களத்துல நின்னப்பதான் எனக்கு உடம்புக்குள்ள ஏறுச்சு. அவருக்கு இங்க இருக்கும்னு சொல்ற மேப்பு கெடையாது. நாங்க எங்க பாக்கணும்னு தெரிஞ்சே ரெண்டு ராத்திரி தடுமாறுனோம்.

சரி, அந்தப் புள்ளி என்ன, எப்படி இருக்கும்?

சூரியன்ல இருந்து சராசரியா 52 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்த மாதிரி மூணரை மடங்கு. ஒரு தடவ சூரியனச் சுத்தி வர ஆறரை வருஷம். சிறுகோள் பட்டையோட வெளி விளிம்புல சைபிலி கூட்டம்னு ஒரு கூட்டம் இருக்கு, அதுல இதுவும் சேர்த்தி. நாங்க பாத்தப்ப அங்க பட்டுத் திரும்புன வெளிச்சம் எங்க கண்ணுக்கு வர இருபது நிமிஷத்துக்கு மேல ஆயிருக்கும், நாங்க கட்டஞ்சாயா போட்டுக் குடிச்சு முடிக்கிற நேரம்.

உருவம் உருண்டை இல்ல. நம்மூரு மாம்பழத்துல சொன்னா மல்கோவா மாதிரி இல்ல, பெங்களூரா மாதிரி நீட்டு. 2005ல சொன்ன அளவு 385க்கு 265க்கு 230 கிலோமீட்டர். நீள வாக்குல வச்சா சேலம் சென்னை ரோட்டு தூரத்தயே தாண்டிடும். இவ்ளோ நீட்டா இருக்கறது தன்னைத் தானே 5 மணி 11 நிமிஷத்துல ஒரு சுத்து சுத்திடுது, நம்ம பூமி ஒரு நாளுக்கு ஒண்ணு, அது நாலுக்கு மேல. நீட்டுப் பக்கம் நம்மளப் பாத்தா வெளிச்சம் கொஞ்சம் கூடும், முனை நம்மளப் பாத்தா குறையும், ஒரு சுத்துக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு எறக்கம். இப்படி வெளிச்சம் ஏறி எறங்குறத அளந்தேதான் படம் எடுக்க முடியாத காலத்துலயே இது நீட்டுன்னும் எவ்ளோ நேரத்துல சுத்துதுன்னும் கண்டுபிடிச்சாங்க.

நெறம் கருப்பு. மேல விழுற வெளிச்சத்துல நூத்துக்கு நாலு அஞ்சு பங்குதான் திருப்பி அனுப்பும். ஏற்காட்டுக்கு ஏறுறப்ப கீழ திரும்பிப் பாத்தா சாக் ஹில்ஸ் தெரியும்ல, வெள்ளைக்கல் வெட்டுற சுரங்கம், வெயில்ல கண்ணக் கூசும். சில்வியா அதுக்கு நேர் எதிர். அது மட்டும் வெள்ளைக்கல்லா இருந்திருந்தா இன்னும் எவ்வளவோ பிரகாசமா தெரிஞ்சிருக்கும், போக்சனுக்கு முன்னாடியே யாராவது பிடிச்சிருப்பாங்கன்னு எனக்கு ஒரு நெனப்பு.

அப்புறம் 135 வருஷம் கழிச்சுத்தான் அடுத்த பெரிய திருப்பம். பட்டறையில பர்னர் எரியுறப்ப அதுக்கு மேல எதிர்ச் சுவத்தப் பாத்தா சுவரு நெளியுற மாதிரி தெரியும். பூமியச் சுத்தி இருக்கற காத்து பூராவும் அப்படித்தான் நெளியுது, அதனால எவ்ளோ பெரிய டெலஸ்கோப் வச்சாலும் சின்னப் பொருள் கலங்கித்தான் தெரியும். அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, ஒரு கண்ணாடிய செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவ லேசா வளைச்சு வளைச்சு, காத்து எப்படி நெளியுதோ அதுக்கு எதிரா நெளிய வச்சு, படத்த நேராக்கறது. அந்த முறையில ஹவாய் தீவு கெக் டெலஸ்கோப்புல 2001 பிப்ரவரி 18ஆம் தேதி மைக்கேல் பிரவுனும் ஜான் லூக் மார்கோவும் சில்வியாவப் பாத்தா, பக்கத்துல ஒரு குட்டி நிலா. அது முடிஞ்சு 2004 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிலி நாட்டுல இருக்கற விஎல்டிங்கற பெரிய டெலஸ்கோப் கூட்டத்துல யேபுன்ங்கற 8.2 மீட்டர் டெலஸ்கோப்புல எடுத்த படத்துல ஃபிராங்க் மார்ஷி கூட்டாளிங்க இன்னொண்ணையும் கண்டுபிடிச்சாங்க. 2005 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. ரெண்டு நிலா இருக்கற சிறுகோள்னு உலகத்துக்குத் தெரிஞ்ச முதல் ஆள் நம்ம மெட்ராஸ் சில்வியாதான். அம்மா பேரு ரியா சில்வியா, அப்ப பசங்களுக்கு என்ன பேரு வைக்கணும்னு யோசிக்கவே வேணாம், வெளிய இருக்கறது ரோமுலஸ், உள்ள இருக்கறது ரீமஸ். போக்சன் 1866ல பேரு வச்சப்ப அந்தப் பேருக்குள்ள ரெண்டு எடம் காலியா காத்துட்டு இருந்த மாதிரி இருக்கு எனக்கு.

ரோமுலஸ் சுமார் 1,350 கிலோமீட்டர் தள்ளி 3.65 நாள்ல ஒரு சுத்து. சேலத்துல சில்வியாவோட மையத்த வச்சா ரோமுலஸ் போபாலத் தாண்டி நிக்கும். ரீமஸ் 700 கிலோமீட்டர், அதாவது ஹைதராபாத்தத் தாண்டி, 33 மணி நேரத்துல ஒரு சுத்து. ரோமுலஸ் குறுக்களவு 18 கிலோமீட்டர்னு மொதல்ல கணக்கு, ரீமஸ் 7 கிலோமீட்டர். ரீமஸ் மேல நின்னு பாத்தா சில்வியா வானத்துல 30 டிகிரி அகலத்துக்கு விரிஞ்சு நிக்கும், நம்ம நிலாவ மாதிரி அறுபது நிலாவ வரிசையா ஒட்டி வச்ச நீளம். இத என் பொண்ணுகிட்ட சொன்னப்ப அவ கைய நீட்டி வானத்துல அளந்து பாத்தா, சேர்வராயன் மலை பக்கம் இருந்து ஓரியன் வரைக்கும்.

நிலா கெடச்சதோட பெரிய பலன் அழகு இல்ல, எடை. தராசு இல்லாம ஒரு மலைய எடை போடறதுக்கு இதவிட சுத்தமான வழி கெடையாது. ஒரு குட்டிப் பொருள் எவ்ளோ தூரத்துல, எவ்ளோ நேரத்துல சுத்துதுன்னு ரெண்டு நம்பர் தெரிஞ்சா நடுவுல இருக்கறதோட எடைய போட்டுடலாம், கெப்ளர் விதிய நியூட்டன் விரிச்சுச் சொன்னது. சில்வியாவுக்கு வந்த எடை 14 போட்டு அதுக்குப் பின்னாடி 18 சைபர் கிலோ, ஏறக்குறைய. இந்த எடைய அது அடைச்சுக்கற எடத்தால வகுத்தா அடர்த்தி. 2005ல வந்தது தண்ணியவிட 1.2 மடங்கு.

1.2ங்கறது கல்லே இல்லைங்க. நான் பட்டறையில தண்ணியில மூழ்க வச்சு எடை பாக்கற முறையிலயே செஞ்சு பாத்தேன். காத்துல எடை, அப்புறம் நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்க விட்டு எடை, குறைஞ்சதுதான் அதோட கன அளவு. ஒரு வெள்ளைக்கல் துண்டு 300 கிராம், தண்ணியில 101 கிராம் குறைஞ்சது, அடர்த்தி மூணுக்குப் பக்கம். கஞ்சமலை இரும்புக்கல்லுன்னா இன்னும் கனம். அப்புறம் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போற கூட்ஸ் வண்டியில இருந்து தண்டவாளத்து ஓரமா விழுந்து கெடந்த நிலக்கரித் துண்டு ஒண்ணு, 214 கிராம், தண்ணியில 158 குறைஞ்சது, 1.35. கருப்பு, கனம் கம்மி. கையில பிடிச்சுப் பாத்தா சில்வியாவுக்கு இதுதான் நெருங்குன பொருள், கனத்துலயும் நெறத்துலயும். சில்வியா நிலக்கரி இல்ல, அத நான் சொல்லல, ஆனா கைக்கு அந்த உணர்வு வேணும்னா ஒரு கரித்துண்ட எடுத்துப் பாருங்க.

கல்லோட அடர்த்தியும் இல்ல, முழுப் பனிக்கட்டியும் இல்லன்னா உள்ள குடைவு இருக்கணும். 2005ல மார்ஷி குழு வந்த முடிவு அதுதான், பழைய ஏதோ பெரிய மோதல்ல நொறுங்கி திரும்ப ஒண்ணு சேர்ந்த கற்குவியல், உள்ள பாதிக்கு மேலகூட வெத்து எடமா இருக்கலாம், அதே மோதல்ல தெறிச்ச துண்டுங்கதான் ரெண்டு நிலாவும். இது ரொம்ப நல்லா பொருந்துச்சு, எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க, பத்து வருஷத்துக்குப் பக்கம் சில்வியான்னாலே கற்குவியல்னு இருந்துச்சு.

அந்த முடிவு அசைய ஆரம்பிச்சது 2013 ஜனவரி 6. அன்னைக்கு சில்வியா ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி கடந்து போச்சு, நட்சத்திரம் சில செகண்டு மறைஞ்சது. தெற்கு ஐரோப்பால வேற வேற ஊருல பலபேரு, எங்களப்போல வேலைக்குப் போயிட்டு ராத்திரி வானம் பாக்கறவங்களும் சேர்ந்து, எப்ப மறைஞ்சது எப்ப வெளிய வந்துச்சுன்னு செகண்டு சுத்தமா குறிச்சாங்க. அந்தக் கோடுங்கள அடுக்குனா உருவத்தோட நிழல் கெடைக்கும். சிலருக்கு ரோமுலஸும் அதே நட்சத்திரத்த மறைச்சது மாட்டுச்சு, ரோமுலஸ் நெனச்சதவிட பெருசு, 23 கிலோமீட்டருக்குப் பக்கம், அதுவும் நீட்டுன்னு தெரிஞ்சது. அப்புறம் விஎல்டியில இன்னும் கூர்மையான படம் வந்துச்சு, சில்வியாவோட சராசரி குறுக்களவு 286ன்னு இருந்தது 271 கிலோமீட்டரா எறங்குச்சு.

எடை பெருசா மாறல, சைஸ் குறைஞ்சது. எங்க தொழில் பழக்கத்துல சொல்லணும்னா, தராசுல வச்ச பொருள் அதேதான், அளவுகோல்தான் தப்பா இருந்திருக்கு. குறுக்களவுல பதினஞ்சு கிலோமீட்டர் குறைஞ்சா கன அளவுல நூத்துக்குப் பதினஞ்சு பங்கு கொறையும், ஏன்னா மூணு பக்கமும் சேர்ந்து கொறையுது. அடர்த்தி 1.2ல இருந்து 1.38க்கு ஏறிடுச்சு.

இதவிட எனக்குப் பிடிச்ச சாட்சி நிலாக்கள்கிட்ட இருந்தே வந்தது. சில்வியா நீட்டா இருக்கறதால அதோட இழுப்பு எல்லாப் பக்கமும் சமமா இருக்காது, அதனால நிலாக்களோட பாதை கொஞ்சம் கொஞ்சமா திரும்பிட்டே இருக்கணும். எவ்ளோ திரும்பணும்னு உருவத்த வச்சு கணக்குப் போடலாம், உள்ள எல்லா எடத்துலயும் ஒரே சீரா பொருள் நெறஞ்சிருக்குன்னு வச்சுக்கிட்டு. வருஷக்கணக்கா எடுத்த படங்கள வச்சுப் பாத்தா, பாதை அந்தக் கணக்குல வந்த அளவுக்குத் திரும்பல. வெளிய பாக்கறதுக்கு நீட்டு, ஆனா நிலாக்களுக்கு அது அதவிட உருண்டையா இருக்கற மாதிரி தெரியுது. அப்படின்னா கனமெல்லாம் நடுவுல தேங்கியிருக்கு, வெளி அடுக்கு லேசு. மரக் கொழுக்கட்டைக்கு நடுவுல ஈயக் குண்டு பதிச்ச மாதிரி. 2021ல பெனுவா காரி குழு இதத்தான் எழுதுனாங்க, சில்வியா ஒரே சீரான கற்குவியல் இல்ல, உள்ள தனியா அடர்த்தியான நடுப்பகுதி பிரிஞ்சு உருவாயிருக்கு.

பிரியணும்னா ஒரு காலத்துல உள்ள சூடு இருந்திருக்கணும். அந்தச் சூட்டுக்கு அவங்க சொல்ற காரணம் அலுமினியம்-26, கதிரியக்கம் உள்ள அலுமினியம், ஏழு லட்சம் வருஷத்துக்கு ஒருதரம் பாதியா குறைஞ்சிடும், அதனால சூரியக் குடும்பம் பொறந்த புதுசுலதான் அது வேலை செய்யும். பனிக்கட்டியும் கல்தூளும் கலந்து உருவான உருண்டை உள்ள சூடேறி, பனி உருகி, கனமானது கீழ எறங்கி, வெளி அடுக்கு மட்டும் உருகாம பழைய கலவையாவே நின்னுடுச்சு. வெள்ளிய உருக்குறப்ப கசடு மேல வந்து நிக்கும், உள்ள தனியா சுத்தமானது எறங்கும், நாங்க தெனமும் பாக்கறது. நெருப்பு வேற, அளவு வேற, கனமானது எறங்கும்ங்கறது ஒண்ணுதான்.

ஒரு விஷயம் ரொம்ப அழுத்தமாவே சொல்லணும். 2005ல சொன்னவங்க தப்புப் பண்ணலை. கையில இருந்த அளவுக்கு அதுதான் சரியான முடிவு, எந்த அளவு வச்சு சொன்னோம்னும் எழுதி வச்சாங்க, அதனாலதான் பின்னாடி வந்தவங்க எத மாத்துனா எது மாறும்னு தெரிஞ்சு மாத்த முடிஞ்சது. பொண்ணோட நோட்டுல பதினோரு புள்ளியும் இருந்ததாலதான் எங்களுக்கு சில்வியா கெடச்சதுன்னு சொன்னேன்ல, அதேதான் இது.

நாலாவது ராத்திரி வானம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பத்து மணிக்கு ஒருதரம், விடியக்காலம் மூணு மணிக்கு ஒருதரம் பாத்தோம், அஞ்சு மணி நேரத்துலயே பக்கத்து நட்சத்திரத்துக்கும் அதுக்கும் இடைவெளி மாறியிருந்தது பச்சையா தெரிஞ்சது. மூணு மணிக்கு பாக்கறப்ப என் பொண்ணு கேட்டா, "அப்பா, நான் பாக்கறது அம்மாவையா, பசங்களையா?" மூணு பேரோட வெளிச்சமும் ஒண்ணாதாம்மா வருது, நம்ம டெலஸ்கோப்பால பிரிச்சுக் காட்ட முடியாது, ஆனா உன் கண்ணுக்குள்ள மூணும் வந்துடுச்சுன்னு சொன்னேன். அவ நோட்டுல புள்ளிக்குப் பக்கத்துல மூணு பேரையும் எழுதுனா, கீழ நேரம், அதுக்குக் கீழ ஏற்காடு.

அடுத்து கமிலாவத் தேடணும். அதுவும் போக்சன் நுங்கம்பாக்கத்துல கண்டுபிடிச்சது, 1868 நவம்பர், வடகிழக்கு மழைக்காலத்துல எந்த மேக இடைவெளியில பாத்தாரோ. சைபிலி கூட்டத்துலயே இருக்கு, சுமார் 250 கிலோமீட்டர், அதுக்கும் 2001ல ஒரு நிலா, 2016ல இன்னொரு நிலா கெடச்சது. மெட்ராஸ்ல கெடச்ச அஞ்சுல ரெண்டுக்கு ரெட்டைப் புள்ளைங்க. மச்சான் இந்த தடவ மேப்ப டெலஸ்கோப்புல தெரியுற மாதிரியே தலைகீழா பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி வச்சிருக்கார், எஸ்டேட் அண்ணனும் எப்ப வர்றீங்கன்னு கேட்டு போன் பண்ணிட்டார்.